பெடல் அச்சில் இருந்த மண்

ஜூன் 3, புதன்

இது கனியக்காவின் டைப்ரைட்டிங் நோட்டு. முதல் எட்டுப் பக்கங்களில் அவள் கையெழுத்து இருக்கிறது. நடுவில் நிறைய விட்டுவிட்டுக் கடைசியிலிருந்து எழுதுகிறேன். சாமி படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பின் வெளிச்சம் போதும். எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத முடியும். எழுதி முடித்ததும் அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடுவேன். அரிசிப் பானையை அப்பாவும் அண்ணனும் தொடமாட்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தார்கள். நான் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து டவுன் பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். காலையில் ஊருக்குள் பஸ் வராது. அக்காவின் சைக்கிளில்தான் போகிறேன். அவள் அதில் மெயின்ரோடு வரைக்கும் போய், ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து டவுன் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போவாள்.

அவள் ஓட்டும்போது இந்த வண்டியில் சத்தம் இருந்ததில்லை. இப்போது இடது பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் டக் என்கிறது. இரண்டு பெடலையும் சேர்க்கும் அச்சு ஆடுகிறது. கையால் பிடித்து அசைத்தால் நன்றாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. "பிள்ளையார் கோயில் திரும்பும்போதே கேக்கு. இருக்கட்டும்" என்றார். நான் ஐந்தேகாலுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 5, வெள்ளி

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவைக்கிறேன். எனக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பரீட்சை லீவுக்கு என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மே 2ஆம் தேதி ராத்திரி அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. துடித்தாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. விடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். எனக்கு மூன்றாம் நாள்தான் தகவல் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசல் கழுவிக் காய்ந்திருந்தது.

கல்யாணம் ஆகாதவர்களை எங்களில் புதைப்பதுதான் வழக்கம். போன வருஷம் பாம்பு கடித்து இறந்த சின்னப் பையனைக்கூடப் புதைத்தார்கள். அக்காவை எரித்திருக்கிறார்கள். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

வயிற்றுவலிக்கு என்ன மாத்திரை என்று அக்காவுக்குத் தெரியும். என் பையில்கூட நான்கு போட்டு வைத்திருந்தாள். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 8, திங்கள்

வரும் வழியில் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. அச்சு ஆடுவதால் பல்சக்கரமும் கோணலாகச் சுற்றுகிறது. கையெல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வரும்போது ஐந்து முப்பத்தைந்து.

அப்பா கத்தவில்லை. "எங்க நின்ன?" என்றார். கையைக் காட்டினேன். கையைப் பார்த்துவிட்டு, வந்த வழியையும் பார்த்தார்.

"இந்தா பாரு. வண்டி ஓடுத வரைக்கும் பள்ளிக்கூடம். வண்டி நின்னா நீயும் நின்னுக்க. இன்னொருத்தி ரோட்டுல நின்னுட்டு வார கத இந்த வீட்டுல வேண்டாம்."

அப்போது அண்ணன் வந்தான். "டவுன் கடையில குடுத்து சரிபண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"கடைக்கெல்லாம் கொண்டுபோவாத" என்றான். சட்டென்று சொன்னான். பிறகு மெதுவாக, "நான் பாத்துத் தாரேன்ளா" என்றான்.

அண்ணன் பெயர் வண்ணமுத்து. எனக்கும் அக்காவுக்கும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவன்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவான். விட்டுவிட்டதைச் சொல்லவே மாட்டான். திரும்பிப் பார்த்தால் தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பான்.

ஜூன் 10, புதன்

அண்ணன் பார்க்கவில்லை. வண்டி இருக்கிற பக்கமே அவன் போவதில்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, வண்டியைத் தாண்டாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஜூன் 14, ஞாயிறு

நானே பார்த்தேன்.

பெடல் அச்சின் இடது பக்கத்தில் கிண்ணம் மாதிரி ஒன்று திருகியிருக்கிறது. அதைக் கப்பு என்பார்கள். அது கழன்றுவராமல் மேலே ஒரு வளையம். வளையத்தைத் தளர்த்தி, கப்பை உள்ளே இறுக்கி, மறுபடி வளையத்தை இறுக்க வேண்டும். அதற்குரிய சாவி என்னிடம் இல்லை. வளையத்தின் வெட்டில் பெரிய ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நான்கு தட்டில் அசைந்தது. பிறகு கப்பின் ஓட்டையில் ஆணியை வைத்துத் தட்டி இறுக்கினேன். ஆட்டம் நின்றது. ஆனால் பெடல் சுற்றவே இல்லை. கொஞ்சம் பின்னால் விட்டதும் சுற்றியது. உள்ளே நறநற என்று அரிசியில் கல் அரைபடுவது போலச் சத்தம்.

வளையத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்துவிட்டான். என் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். தட்டித்தரப் போகிறான் என்று நினைத்தேன்.

"அத நோண்டாத இசக்கி."

"இறுக்கிட்டேன்ணே. ஆடல, பாரு."

"நோண்டாதன்னு சொல்லுதம்லா."

சுத்தியலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் உள்ளே போனாள்.

மத்தியானம் அண்ணன் எனக்குப் பரோட்டா வாங்கி வந்தான். இரண்டு பொட்டலம். ஒன்று யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. முன்பு எப்போதும் இரண்டுதான் வாங்கி வருவான்.

ஜூன் 17, புதன்

மறுபடி ஆடுகிறது. முன்னைவிட அதிகம். இன்று பெடல் பாதியில் சிக்கிக்கொண்டது. வண்டி நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். நாளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கடைக்குக் கொண்டுபோகிறேன்.

ஜூன் 18, வியாழன்

மெதுவாக எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தெருவில் தாவீது அண்ணாச்சியின் சைக்கிள் கடை இருக்கிறது. நான் வண்டியில் வருவதைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"ஏ தாயி, இது சைக்கிளா சலங்கையா? தெருமுக்குல வரும்போதே தாளம் கேக்கு."

"பெடல் ஆடுது அண்ணாச்சி. ஒரு மணிக்குள்ள முடிச்சுத் தரணும்."

"கலெக்டரம்மாவுக்கு மீட்டிங்கோ?" வண்டியைச் சாய்த்துப் பார்த்தார். "யாரு இந்த ஆணிய அடிச்சது? கப்பு வாயெல்லாம் கடிச்சு வச்சிருக்கு."

"நாந்தான்."

"கை நல்ல கைதான். ஆனா வெளிய இறுக்கி என்ன செய்ய, கோளாறு உள்ளல்லா இருக்கு."

அச்சோடு பெடலைப் பிடித்திருக்கும் பின்னை இரண்டு பக்கமும் தட்டி எடுத்துப் பெடலைக் கழற்றினார். வளையத்தையும் கப்பையும் திருகி எடுத்தார். உள்ளே கறுப்பாகக் கிரீஸ் இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளையாக, தோசை மாவு மாதிரி, குழைந்து வந்தது. பேரிங் குண்டுகள் அதில் புதைந்து கிடந்தன. அண்ணாச்சி பேசிக்கொண்டே அச்சை உருவி, கப்பு, குண்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். வெள்ளைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். விரலில் ஒட்டியிருந்ததைத் தேய்த்துப் பார்க்கும்போதுதான் பேச்சு நின்றது.

"ஏ பிள்ள. இத எந்தத் தண்ணிக்குள்ள போட்டிய?"

"தண்ணிக்குள்ள போடலியே. மழையில நனைஞ்சிருக்கும்."

"மழையில நனைஞ்சா துருப்பிடிக்கும், மண்ணு ஏறாது. இது முழுகிக் கெடந்த வண்டி. ரொம்ப நாளு கெடந்திருக்கு." சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயை விரலால் தட்டினார். சத்தம் மொத்தையாக இருந்தது. "இதுக்குள்ளயும் அடைச்சுக் கெடக்கு பாரு. வண்டியில அடிமட்டம் இந்த இடந்தான். எது உள்ள போனாலும் இங்கதான் வந்து தங்கும்."

பிறகு கேட்டார். "எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"யாரு வீடு?"

"நல்லபெருமாள் மக."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "மருந்துக்கடையில இருந்த பிள்ள..." என்று தொடங்கி நிறுத்தினார். மருந்துக்கடை அங்கிருந்து நான்காவது கடை.

"என் அக்கா" என்றேன்.

"அச்சு தேஞ்சுபோச்சு. புதுசு எங்கிட்ட இல்ல. வேற கடையில பாத்துக்க."

"பழசையே மாட்டிக் குடுங்க அண்ணாச்சி."

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு தாயி" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

என் டிபன் பாக்ஸைக் கேட்டு வாங்கி, அச்சு, கப்பு, வளையம், பின்னு, குண்டு எல்லாவற்றையும் அதில் போட்டார். காகிதத்தில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்தார். "குண்டு இந்தப் பக்கம் பதினொண்ணு, அந்தப் பக்கம் பதினொண்ணு. முதல்ல உள்ள இருக்கத எல்லாம் தட்டி எடுத்துரு. கப்ப முழுசா இறுக்கிட்டுக் கால் சுத்து பின்னால விடு." பெடல்களைக் கேரியரில் கட்டினார். தொங்கிய சங்கிலியைச் சணலால் கட்டினார். "இங்க வந்தேன்னு யார்ட்டயும் சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்."

பெடல் இல்லாத சைக்கிளை ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும்போது மணி ஆறேகால். அப்பா நாற்காலியில் இருந்து எழுந்தார்.

"சத்தமே கேக்கலியே" என்றார் முதலில். பிறகு, "எந்தக் கடைக்குப் போன?"

"எங்கயும் போகலப்பா. வழியில கழண்டு விழுந்துட்டு. பொறுக்கிட்டு வந்தேன்."

அண்ணன் டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தான். குண்டெல்லாம் கழுவிப் பளபளவென்று இருந்தது. மண்ணெண்ணெய் வாசனை எனக்கே அடித்தது. ரோட்டில் விழுந்த குண்டு அப்படி இருக்காது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மூடியை அழுத்தி மூடினான்.

"ஆமாப்பா. கழண்டுதான் விழுந்திருக்கு" என்றான்.

ஜூன் 19, வெள்ளி

பள்ளிக்கூடம் போகவில்லை.

எங்கள் ஊர் கரிசல். மழை பெய்தால் செருப்பில் ஒட்டுவது கறுப்பு. வெள்ளை மண் ஒரே இடத்தில்தான் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்து விட்டுப்போன பழைய கிடங்குப் பள்ளத்தில். கோடையிலும் அதில் தண்ணீர் நிற்கும். மே மாதக் கடைசியில்தான் இறங்கும்.

அக்காவின் வண்டி மெயின்ரோடு ஸ்டாண்டில் கிடந்ததாகவும், மே கடைசியில் அண்ணன் போய் எடுத்து வந்ததாகவும் சொன்னார்கள். ஸ்டாண்டுக்குக் கூரை உண்டு. தரை சிமெண்டு.

ஜூன் 20, சனி

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். நடுவில் பின் அடித்த நோட்டு; கிழித்தால் முன்பக்கம் இருக்கும் அந்தத் தாளின் மறுபாதியும் வந்துவிடும். அதில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது.

ஜூன் 21, ஞாயிறு

அப்பாவும் அண்ணனும் பெரியப்பா வீட்டுச் சடங்குக்குப் போனார்கள். வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோனேன். நான் கூப்பிடாமலே அம்மா வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருப்பதைத் தட்டி எடுக்க அண்ணாச்சி சொல்லியிருந்தார். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு அச்சு ஓட்டை வழியாகப் பொலபொலவென்று கொட்டியது. காய்ந்துபோன வெள்ளை மண். கறுப்புத் தரையில் ஒரு கைப்பிடி அளவுக்குக் குவிந்தது. நான் ஊதித் தள்ளப் போனேன்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். குனிந்து உட்கார்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஸ்டாண்டுல ஏது மண்ணு" என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

ஐம்பது நாளில் அம்மா அக்காவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு தொடர்ந்து சொன்னாள். "ஒங்கப்பா பழைய இரும்புக்காரனுக்குப் போடுதேன்னுதான் நின்னாரு. நாந்தான் விடல. சின்னவ பள்ளிக்கூடம் போவட்டும்னேன். இந்த வண்டி வீட்டுல கெடக்கட்டும்னு நெனச்சேன்."

"அம்மா, அன்னைக்கு ராத்திரி நீ எங்க இருந்த?"

"உள்ள. கதவ வெளிய பூட்டிட்டாவ."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த மண்ணை ஒரு துளி விடாமல் கையால் கூட்டி எடுத்தாள். காலண்டர் தாளைக் கிழித்து, கோயிலில் திருநீறு மடிப்பதுபோல மடித்தாள். மூன்று பொட்டலம். சாமி படத்துக்குப் பின்னால், பழைய திருநீற்றுப் பொட்டலங்களோடு சொருகிவைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியாது.

பிறகு இருவரும் வண்டியை மாட்டினோம். கிரீஸைக் கப்பில் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். அம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு பக்கம் பத்துதான் இருந்தது. ஒன்று அம்மாவின் சேலை மடிப்பில் விழுந்திருந்தது. அச்சைச் செலுத்தி, கப்பை முழுதாக இறுக்கி, கால் சுற்றுப் பின்னால் விட்டேன். வளையத்தை இறுக்கும்போது கப்பும் கூடவே சுற்றிவிட்டது. மூன்று தடவை திரும்பத் திரும்பச் செய்தேன். நான்காவது தடவை அம்மா கப்பை ஆணியால் அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் வளையத்தைத் தட்டினேன்.

பெடலைச் சுற்றிவிட்டேன். சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள் அம்மா. பிறகுதான் அழுதாள்.

ஜூன் 25, வியாழன்

சாயங்காலம் ஜீப் வந்தது. சேலை கட்டிய போலீஸ் அதிகாரி ஒரு அம்மா, கூட ஒரு ஏட்டு. அக்காவோடு பழகிய ஒரு பையன் மனு கொடுத்திருக்கிறானாம். பக்கத்து ஊர்ப் பையன். மருந்துக்கடைக்கு மருந்துப் பெட்டி இறக்க வருவான். நான் ஒரே தடவை பார்த்திருக்கிறேன். அக்காவுக்காக மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தூரமாக நின்றான்.

அதிகாரி அப்பாவிடம் கேட்டார். "பொண்ணு போற வர சைக்கிள் எங்க?"

"ஸ்டாண்டுல கெடந்துச்சு. பையன் எடுத்துட்டு வந்தான். இப்பம் சின்னவ ஓட்டுதா."

அவர் போய் வண்டியைப் பார்த்தார். பெடலைக் கையால் சுற்றினார். "நல்லா வச்சிருக்கீங்களே" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானேதான் துடைத்தேன். வெளியே ஒரு பொட்டு மண் இல்லாமல் துடைத்தேன்.

என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்பா கதவோரம் நின்றார்.

"உன் பேர் என்னம்மா?"

"இசக்கியம்மாள்."

"அக்காவுக்கு அடிக்கடி வயிறு வலிக்குமா?"

அண்ணன் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் காது மட்டும் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அக்கா கடித்த தழும்பு அந்தக் காதில் இருக்கிறது. சாமி படம் என் தலைக்கு மேலே இருந்தது.

"வலிக்கும்" என்றேன்.

"டாக்டர்ட்ட போயிருக்காங்களா?"

"தெரியாது. வலிக்கும்."

ஏட்டு எழுதிக்கொண்டார். போகும்போது அந்த அம்மா என் தோளைத் தொட்டார். "என் ஆபீஸ் யூனியன் ஆபீசுக்குப் பின்னால. உங்க பள்ளிக்கூடத்தத் தாண்டி நேரா வந்தா வந்துரும். பத்து மணிக்கு மேல இருப்பேன். ஏதாவது ஞாபகம் வந்தா வா."

ஜீப் போனதும் அப்பா என் தலையில் கை வைத்தார். எத்தனையோ வருஷம் கழித்து. அந்தக் கை பட்ட இடம் இன்னும் எரிகிறது.

ஜூன் 26, வெள்ளி

சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கும்.

ஜூன் 28, ஞாயிறு

மத்தியானம் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இத்தனை நாளில் இன்றுதான் பக்கத்தில் போயிருக்கிறான். பெடலை ஒரு விரலால் சுற்றிவிட்டான். நிற்கும் வரை பார்த்தான். மறுபடி சுற்றிவிட்டான். நான் துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றேன்.

"நல்லா மாட்டிருக்க இசக்கி" என்றான்.

"ம்."

"கடைக்குத்தான போன?"

நான் ஈரத்துணியை உதறினேன்.

"அவரு எதும் சொன்னாரா?"

"இல்ல."

அவன் ஹேண்டிலைத் தொட்டான். இடது கைப்பிடி உறையில் அக்கா சுற்றியிருந்த சிவப்பு நூல் இன்னும் இருக்கிறது.

"அவ ஹேண்டில விடவே மாட்டேன்னுட்டா இசக்கி" என்றான். "கடைசி வரைக்கும் விடல. அதான் வண்டியும்..."

அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவன் எழுந்து போய்விட்டான்.

எப்போது என்று நான் கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை. ஈரத்துணி கையிலேயே காய்ந்துவிட்டது.

அண்ணனை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிவிட வேண்டும். எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஜூன் 29, திங்கள்

அப்பா சாப்பிடும்போது சொன்னார். வியாழக்கிழமை இரும்புக்காரர் வருகிறாராம். வண்டியைப் போட்டுவிடலாமாம். போலீஸ் வந்து பார்த்துவிட்ட வண்டி வீட்டில் இருக்கக் கூடாதாம்.

"அப்ப பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

"புதங்கிழமை பரீச்சன்னு சொன்னல்லா. அத எழுதிட்டு வா. அதோட சரி. ஆவணியில உனக்கும் ஒரு இடம் பாத்திருக்கு."

அம்மா அவர் தட்டில் சோறு போட்டாள். கை ஆடவில்லை. "ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

ஜூன் 30, செவ்வாய்

நாளை புதன்.

சாயங்காலம் அம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னது?"

"திருநீறு. பரீச்சைக்கு" என்றாள் அம்மா.

அப்பா கையை நீட்டினார். அம்மா பொட்டலத்தைக் கொடுக்கவில்லை. படத்துக்குப் பின்னால் கைவிட்டு வேறொன்றைப் பிரித்து நீட்டினாள். அவர் ஒரு விரலில் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். எனக்கும் பூசிவிட்டார். "நல்லா எழுது" என்றார். அது கோயில் திருநீறுதான். வாசனை இருந்தது.

பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நீயும் வாம்மா."

"நான் வந்தா உடனே தேடுவாவ. நீ பள்ளிக்கூடத்துக்குல்லா போற. அஞ்சேகால் வரைக்கும் தேடமாட்டாவ."

"அஞ்சேகாலுக்கு அப்புறம்?"

அம்மா கும்பாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக வருகிறது. மண்ணைப் பார்த்தால் அந்தப் போலீஸ் அம்மாவுக்குப் புரியுமா தெரியவில்லை. திருநீற்றைக் கொண்டுவந்து காட்டுகிறாள் பைத்தியக்காரி என்று நினைக்கலாம். அதனால் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இனிமேல் இதில் எழுத மாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு: ஜூன் 25ஆம் தேதி நான் சொன்னது பொய். என் அக்கா சண்முகக்கனிக்கு வயிற்றுவலி வந்ததே இல்லை. பொட்டலத்தில் இருக்கும் மண் அவள் சைக்கிளின் குழாய்க்குள் இருந்து வந்தது. மீதி இரண்டு பொட்டலம் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சைக்கிள் கடைக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மாவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியிருந்தார்கள். முன்பக்கம் இருக்கும் எட்டுப் பக்கங்களும் அக்கா எழுதியது. அதை மட்டும் எனக்குத் திருப்பித் தர வேண்டும்.

நாளை சாயங்காலம் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் காதை வைத்திருப்பார். வண்டி இப்போது சத்தம் போடுவதில்லை என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது. சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். அதை நினைத்தால் அழுகை வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நோட்டை வைப்பதற்காக இப்போது பள்ளிக்கூடப் பையைத் திறந்தேன். கனமாக இருந்தது. புத்தகங்களுக்கு அடியில் என் இரண்டு சுடிதாரும், துண்டும், அக்காவின் நீல ஸ்வெட்டரும் மடித்து இருக்கின்றன.

நான் வைக்கவில்லை.